டாக்டர் வீடு

நீங்க கேட்டதுல தப்பே இல்லீங்கண்ணா. உக்காருங்க, எந்திரிக்காதீங்க. உங்க பாப்பா உள்ள டெமோ கிளாஸ் பாத்துட்டு இருக்குது, அது முடியக் கொஞ்ச நேரமாகும். சென்டர் நடத்தற மேடம் பேங்குக்குப் போயிருக்காங்க. அவங்க இருந்து நீங்க இப்பிடிக் கேட்டிருந்தா, ஒரு சிரிப்புச் சிரிச்சு, உங்களுக்கு டீ சொல்லி, அந்த போர்டுல இருக்கற போட்டோவ ஒண்ணொண்ணாக் காமிச்சு, நீங்க கேட்டதையே மறக்கடிச்சிருப்பாங்க. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாதுங்க.

'இந்த சாஃப்ட்வேர் படிச்சா வேலை நிச்சயம்ங்கறீங்க, இத்தன நல்லா விளக்கறீங்க, அப்பறம் நீங்க ஏன் தம்பி வேலைக்குப் போகாம இங்கயே இருக்கீங்க?' இதத்தானுங்களே கேட்டீங்க? இங்க வர்ற எல்லா அப்பாம்மா மூஞ்சிலயும் இந்தக் கேள்விய நான் பாத்திருக்கேன். ஒருத்தரும் வாயத் தொறந்து கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க. கண்டக்டர் வேலை பாக்கறவரில்லீங்களா, ஆளப் பாத்த உடனேயே டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனான்னு தெரிஞ்சு போயிருக்கும்.

சொல்றனுங்க. சொன்னா பாப்பாவச் சேக்காமக் கூட்டிட்டுப் போயிருவீங்களோன்னு பயந்தான். இருந்தாலும் சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

எம் பேரு நவநீதன். ஊரு காங்கேயம் பக்கம். சிவில் இன்ஜினியரிங் முடிச்சேன், நல்ல மார்க்குத்தான். முடிச்ச கையோட திருப்பூர்ல ஒரு பில்டர்கிட்ட சைட்டுல வேலை கிடைச்சுது. சைட்டு வேலைன்னா என்னன்னு நெனைக்கறீங்க? காலையில போயி கம்பி வந்துச்சா, சிமெண்ட் எறக்கியாச்சான்னு வெய்யில்ல நிக்கறது. நாம ஒண்ணு சொன்னா மேஸ்திரி வேற ஒண்ணு பண்ணுவாரு. ஏனுங்கன்னு கேட்டா, 'நீங்க நெழல்ல நில்லுங்க தம்பி'ம்பாரு. இதுக்காங்க நாலு வருஷம் படிச்சோம்? கொஞ்ச மாசத்துல விட்டுப்போட்டு வந்துட்டேன். 'வேலையத்தானடா குடுத்தாங்க, தண்டனையவா குடுத்தாங்க?'ன்னு எங்கப்பா கேட்டாரு. அவருக்கு என்னங்க தெரியும். எனக்கு வேண்டியது டிசைன். ஒரு கட்டடம் நிக்கோணும்னா தூண் எத்தன தடிமன்ல வேணும், கம்பி எத்தன வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்றவன் இருக்கான் பாருங்க, அவனாகோணும். அன்னைக்கும் அதான் ஆசை, இன்னைக்கும் அதான். வேற ஆசையே எனக்கு இல்லீங்கண்ணா.

டிசைன் வேலைக்குப் போயி நின்னா, கம்ப்யூட்டர்ல வரையற ஆட்டோகேட் தெரியுமான்னு கேட்டாங்க. இதே சென்டருக்கு வந்து படிச்சேன். படிச்சுட்டுப் போனா, வெறும் வரையத் தெரிஞ்சா போதுமா, கட்டடம் தாங்குமான்னு கணக்குப் போடற ஸ்டாட் தெரியுமான்னாங்க. அதப் படிச்சேன். படிச்சுட்டுப் போனா, எங்க ஆபீஸ்ல ஈடாப்ஸ்தானுங்கன்னாங்க. அதையும் படிச்சேன். படிச்சுட்டுப் போனா, ரெவிட் தெரிஞ்ச ஆளு வேணும்னாங்க. ஓடற பஸ்ஸப் புடிக்கற மாதிரிங்க. கம்பியத் தொட்டுட்டேன், தொட்டுட்டேன்னு இருக்கறப்ப டிரைவர் கியர மாத்திருவாரு. உங்களுக்குத் தெரியாததா. நீங்க உள்ள இருந்து பாத்திருப்பீங்க, நான் வெளிய இருந்து ஓடறேன்.

அப்பத்தான் மேடம் ஒரு நாள் கூப்பிட்டாங்க. 'நவநீதன், நீங்க பக்கத்துல இருக்கற பசங்களுக்கு நல்லாச் சொல்லிக்குடுக்கறீங்க. வேலை கிடைக்கற வரைக்கும் ஒரு பேட்ச் எடுங்களேன்'னாங்க. வேலை கிடைக்கற வரைக்கும். அவங்க வாயில வந்த வார்த்தை அதான். ஒன்பது வருஷம் ஆச்சுங்க.

அந்த போர்டுல மொத வரிசையில மொத போட்டோவப் பாருங்க. மீசையில்லாம, கழுத்துல டையோட ஒருத்தன் இருக்கானல்ல, அது நான்தான். மேல 'எங்களிடம் படித்து வேலை பெற்றவர்கள்'னு போட்டிருக்குது. பொய் இல்லீங்க. நானும் வேலை பெற்றவன்தான். எங்க பெற்றேன்னு அதுல போடல, அவ்வளவுதான்.

இருங்க, டாக்டர் வீட்டப் பத்திச் சொல்லீர்றேன். அதச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் விளங்கும்.

இந்த சாஃப்ட்வேரக் கத்துக்குடுக்கறதுக்கு ஒரு கட்டடம் வேணும். சும்மா பட்டனக் காமிச்சுட்டிருந்தா பசங்களுக்கு மண்டையில ஏறாது. ஒரு கட்டடத்த எடுத்துத் தூண் போட்டு, பீம் போட்டு, எடையக் குடுத்து, ரன் பண்ணி, எது பாஸ் எது ஃபெயில்னு பாத்து, கடைசியா கம்பி விவரம் வரைக்கும் கொண்டு வரோணும். அதுக்குன்னு இங்க ஒரு கட்டடம் இருக்குது. கீழ கிளினிக்கு, மேல ரெண்டு மாடி வீடு. நான் படிச்சதும் அதுலதான். எனக்கு முந்தி இருந்த வாத்தியாரு விட்டுட்டுப் போனது. அவருக்கு யாரு குடுத்தாங்கன்னு தெரியாது. நாங்க அத டாக்டர் வீடும்போம். எந்த டாக்டரு, எந்த ஊருன்னு கேட்டீங்கன்னா, அப்பிடி ஒரு டாக்டரே கிடையாதுங்க. அந்த வீட்ட எங்கயும் கட்டவும் இல்ல. கம்ப்யூட்டர்ல மட்டும்தான் நிக்குது.

ஆனா அந்த வீட்டப் பத்தி என்ன கேட்டாலும் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். எந்தத் தூணு எங்க நிக்குது, எந்த பீம்ல கம்பி ஜாஸ்தி, எங்க ஸ்லாப் மெலிசு, எல்லாம். எங்க சொந்த வீட்டுல டார்ச் லைட் எங்க இருக்குதுன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க, எங்கம்மாவத்தான் கேக்கோணும். டாக்டர் வீடு எனக்கு அப்பிடி அத்துப்படி.

படிச்சு முடிச்ச பசங்களுக்கு அதையே பிரிண்ட் போட்டு, ஃபைல் பண்ணிக் குடுத்தனுப்புவோம். இன்டர்வியூல, என்ன ப்ராஜெக்ட் பண்ணியிருக்கீங்கன்னு கேப்பாங்கல்ல, அதுக்கு. நான்தான் தயார் பண்ணி அனுப்புவேன். 'இது யாரு பண்ணதுன்னு கேட்டாத் தயங்கக் கூடாது. கண்ண நேராப் பாத்து, நான் பண்ணதுன்னு சொல்லு. உடம்பு ஆடக் கூடாது, குரல் நடுங்கக் கூடாது. தாராபுரத்துல கண் டாக்டருங்க, என் மாமாவுக்குத் தெரிஞ்சவருன்னு சேத்திச் சொல்லு.' கண் டாக்டருங்கறது நான் சேத்துனது. அதுக்கு முந்தி வெறும் டாக்டர்தான், கேக்கறவங்களுக்கு ஒரு புடிப்பே இருக்காது. பொய் சொல்லித்தர்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அது தன்னம்பிக்கைங்க. தன்னம்பிக்கை இல்லாம எத்தன நல்ல பசங்க கையில வந்த வேலைய விட்டிருக்காங்க தெரியுமுங்களா?

அப்பிடிப் போனவங்கள்ல ஒருத்தன் தரணீஷ். கோபி ஊருக்காரப் பையன். ரொம்பக் கூச்சப்படுவான். கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்பறமும் உக்காந்திருப்பான். 'நீங்க இல்லீன்னா எனக்கு ஒண்ணும் வராதுங்க சார்'ம்பான். அவனுக்குன்னு தனியா உக்காந்து சொல்லிக்குடுத்திருக்கேன். டாக்டர் வீட்டத் தூக்கிட்டுப் போயி இங்க பீளமேட்டுல ஒரு பெரிய டிசைன் ஆபீஸ்ல சேந்தான். சேந்த அன்னைக்கு ஸ்வீட் வாங்கிட்டு வந்து, இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, இதே இடத்துல என் கால்ல விழுந்தான். நான் தூக்கி விட்டேன். எனக்கே வேலை கிடைச்ச மாதிரி இருந்துச்சுங்க அன்னைக்கு. அப்பறம் வீட்டுக்குப் போறப்பத்தான், எனக்குக் கிடைக்கலையேன்னு இருந்துச்சு.

நானும் சும்மா இருக்கல. வருஷா வருஷம் எங்கயாச்சும் ஃபைலத் தூக்கிட்டுப் போவேன். ஃப்ரெஷர்னு போனா, இத்தன வருஷம் என்ன பண்ணீங்கம்பாங்க. அனுபவம் இருக்குதுன்னு போனா, கிளாஸ் எடுத்ததெல்லாம் அனுபவத்துல சேராதும்பாங்க. நெஜமாக் கட்டுன கட்டடம் ஒண்ணாவது பண்ணியிருக்கீங்களான்னு கேப்பாங்க. யாருங்க எனக்குக் குடுத்தாங்க? எவன் நம்பிக் குடுத்தான்? எங்க மாமன் ஒருத்தரு சிவன்மலைக்குப் பக்கத்துல வீடு கட்டறப்ப, நீ வந்து பாத்துக் குடு மாப்ளைன்னு கூப்பிட்டாரு. ரெண்டு ரூமும் ஒரு சமையக்கட்டும். அதுக்குப் போயி ஈடாப்ஸ் போடுவாங்களா? கொஞ்சம் பிஸியா இருக்கேன் மாமான்னு சொல்லிப்போட்டேன். இப்ப அந்த வீட்டுல அவரு குடியிருக்காரு, நல்லாத்தான் இருக்குது. நான் சொல்ல வந்தது, பெரிய வாய்ப்பு ஒண்ணு எனக்கு யாரும் குடுக்கலீங்க.

எங்கம்மா ஊருக்குள்ள எல்லாத்துக்கிட்டயும், பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியருன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. பொண்ணு பாக்கப் போனா அவங்க வீட்டாளுக விவரமா இருக்காங்க. இன்ஜினியரா, இல்ல கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியாருங்களான்னு கேக்கறாங்க. அம்மா என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் காபி டம்ளரப் பாப்பேன். வயசு முப்பத்திமூணு ஆச்சுங்கண்ணா. தலை முடி கொட்டறதப் பாருங்க.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல, இங்க பொழப்பு ஓடிட்டு இருந்துச்சு. நாலஞ்சு மாசத்துக்கு முந்தி மேடம் ஒரு கேமராக்காரரக் கூட்டிட்டு வந்தாங்க. லீவு போட்ட பசங்க பாத்துக்கட்டும், உங்க கிளாஸப் பதிவு பண்ணி வெச்சுக்கலாம்னாங்க. நானும் நல்ல சட்டையாப் போட்டுட்டு வந்து, டாக்டர் வீட்ட அஸ்திவாரத்துல இருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒண்ணு விடாமப் பேசிக் குடுத்தேன். நான் எடுத்த கிளாஸ்லயே அதான் நல்ல கிளாஸுங்க. கேக்குதுங்களா உள்ள? 'கவனிங்க ஃப்ரெண்ட்ஸ்'ங்குது பாருங்க, அது என் சத்தந்தான். பாப்பா பாத்துட்டு இருக்கறது என்னத்தான்.

பதிவெல்லாம் முடிஞ்சப்பறம் மேடம் சொன்னாங்க. இப்ப யாரும் நேர்ல வந்து படிக்கறதில்ல, எல்லாம் வீடியோவே போதும்ங்கறாங்க. நேர்ல படிக்க ஒரு பேட்ச் சேந்தா நீங்க எடுங்க. சேரலைன்னா ஆறு மாசத்துக்கப்பறம் வர வேண்டாம்னாங்க. கெட்டவங்க இல்லீங்க அவங்க. சொல்றப்ப அவங்க கண்ணும் கலங்கித்தான் போச்சு. என் வேலைக்கு நானே ஆளு புடிச்சுக் குடுத்திருக்கேன், அந்த ஆளும் நானே. யாரத் திட்டறது, சொல்லுங்க.

அந்தச் சமயத்துலதான் பீளமேட்டு ஆபீஸ்ல டிசைன் இன்ஜினியர் வேணும்னு பாத்தேன். தரணீஷ் இருக்கற அதே ஆபீஸ். அவன் அங்க இப்ப சீனியர். சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன். அவனுக்கு போன் பண்ணலாமான்னு எடுத்தேன், வெச்சுட்டேன். பண்ணுனா அது சிபாரிசாட்ட ஆயிரும். நான் உள்ள போயி உக்காரோணும், அவன் என்னப் பாத்து எந்திரிச்சு, 'இவருதாங்க சார் எனக்குச் சொல்லிக்குடுத்தவரு'ன்னு அவன் வாயால சொல்லோணும். அத நெனச்சுப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டேன். வேலை கிடைக்கறத விட அதத்தான் ஜாஸ்தி நெனச்சேன்னு வெச்சுக்குங்களேன்.

கையில கொண்டு போறதுக்கு என்ன இருக்குது என்கிட்ட? டாக்டர் வீடுதான். வேற ஒரு கட்டடம் நான் பண்ணதில்லீங்களே. தரணீஷும் இதத்தான காமிச்சிருப்பான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்தாலும், அவன் போயி அஞ்சு வருஷம் ஆச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுதுன்னு புது பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன்.

உள்ள ரெண்டு பேரு. நடுவுல அந்த ஆபீஸ் ஓனரு, வெள்ளைத் தலை, பெரிய இன்ஜினியரு. பக்கத்துல தரணீஷ். தாடியெல்லாம் விட்டு, கழுத்துல ஐடி கார்டு போட்டுட்டு உக்காந்திருந்தான். நான் உள்ள போனதும் என்னப் பாத்தான். நான் சிரிச்சேன். அவன் குனிஞ்சு பேப்பரப் பாத்தான். சரி, ஓனரு முன்னால மரியாதைக்கு அப்பிடி இருக்கறான்னு நெனச்சுக்கிட்டேன்.

பெரியவரு டிராயிங்க விரிச்சு வெச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. இது நீங்க பண்ணதான்னு கேட்டாரு. கண்ண நேராப் பாத்து, நான் பண்ணதுங்க சார்னேன். யாரு வீடுன்னாரு. தாராபுரத்துல கண் டாக்டருங்க சார், என் மாமாவுக்குத் தெரிஞ்சவருன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டிக் கீழ வெச்சாரு. தரணீஷ் பக்கம் திரும்புனாரு.

"ஏப்பா, இது நீ வந்தப்பக் கொண்டு வந்த வீடில்ல? உனக்கும் மாமனுக்குத் தெரிஞ்ச கண் டாக்டர்தான?"

நான் தரணீஷையே பாத்துட்டு இருந்தேன். இதான் நேரம், சொல்லு கண்ணு, சொல்லிருன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். இவரு என் வாத்தியாருங்க சார்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான வேணும். அவன் தலையத் தூக்கி என்னப் பாத்தான்.

"ஆமாங்க சார். அது நான் பண்ணது. இவருகிட்ட எப்பிடிப் போச்சுன்னு தெரியலீங்க."

என் கண்ண நேராப் பாத்துச் சொன்னானுங்க. உடம்பு ஆடல. குரல் நடுங்கல. அத்தன சுத்தமாச் சொன்னான். இதையெல்லாம் எங்கடா கத்துக்கிட்டேன்னு கேக்கத் தோணுச்சு எனக்கு. கால்ல விழுந்த பையனுங்க அவன்.

நானும் விடல. இல்லீங்க சார், நான் பண்ணதுங்கன்னேன். பெரியவரு சத்தம் போடுவாருன்னு பாத்தா, சிரிச்சாரு. சரி, ரெண்டு பேரும் பண்ணியிருக்கீங்க, வீடு ஒண்ணு. பண்ணவங்களுக்கு அதுக்குள்ள நடக்கத் தெரியோணுமல்லன்னு சொல்லி, ஒரு பென்சில எடுத்துப் படிக்கட்டு மேல வெச்சாரு. கிளினிக்ல இருந்து படியேறி மேல போங்க தம்பி, பாக்கலாம்னாரு.

நான் படிக்கட்டோட எடை எத்தன, அத எந்த பீம் மேல ஏத்தியிருக்கேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். எடை வேண்டாம், ஏறுங்கன்னாரு.

உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். படிக்கட்டுக்குன்னு தளத்துல ஒரு ஓட்டை விடுவோம். கம்ப்யூட்டர்ல நாங்க படிக்கட்டப் போட மாட்டோம், அதோட எடைய மட்டும் பக்கத்துல இருக்கற பீம் மேல ஏத்திருவோம். பீம் போடறப்ப, இந்தத் தூண்ல இருந்து அந்தத் தூணுக்கு ஒரே இழுப்பா இழுத்துருவோம். டாக்டர் வீட்டுல அப்பிடி இழுத்த பீம் ஒண்ணு, அந்த ஓட்டைக்கு நட்ட நடுவால குறுக்க போகுது. படியேறிப் போனா, மாடி வர்றதுக்கு முந்தியே அது வந்து நெஞ்சுல முட்டும். தவழ்ந்துதான் போகோணும். எல்லா மாடிக்கும் அதே கதைதான். கட்டாத வீடில்லீங்களா, ஒருத்தரும் ஏறிப் பாத்ததில்ல.

அந்த பீமோட நம்பர் எனக்குத் தெரியும். அதுல எத்தன கம்பின்னு தெரியும். பெரியவரு பென்சில அங்க கொண்டு போயி நிறுத்துனப்ப, நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன்.

"அந்த பீம் பாஸ் ஆகுதுங்க சார்."

"பீம் நிக்கும் தம்பி. டாக்டர் எப்பிடி மேல போவாரு?"

அப்பத் தரணீஷ் சொல்றான், இது பழைய காப்பிங்க சார், அந்த பீம நான் அப்பவே ஓரத்துக்கு நகத்திட்டேன்னு. அப்பவேயாம். பெரியவரு தலையாட்டுனாரு. யாரு வீடுன்னு முடிவாயிருச்சு. என் ஃபைல மடிச்சு என் பக்கம் தள்ளி, போயிட்டு வாங்க தம்பின்னாரு. திருடன்னு சொல்லல. சொல்லியிருந்தாக் கூட எதுத்துப் பேசியிருப்பேன்.

எனக்கு ஆறவே மாட்டேங்குதுங்கண்ணா. அஞ்சு வருஷமா அவனுக்குத் தெரிஞ்சிருக்குது, அந்த பீம் தப்பான எடத்துல இருக்குதுன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? ஒரு போன் பண்ணி, சார், டாக்டர் வீட்டுல இப்பிடி இருக்குதுன்னு. அதுவுமில்லாம, படிக்கட்டெல்லாம் ஆர்க்கிடெக்ட் பாக்க வேண்டியது. நாங்க தாங்குமா தாங்காதான்னு பாக்கறவங்க. பீம் தாங்குது. எத்தன தடவ வேணாலும் ரன் பண்ணிப் பாருங்க, தாங்கும். அதுக்குப் போயி ஒருத்தன ஒன்பது வருஷத்தோட சேத்து வெளிய தள்ளுவாங்களா?

கீழ வந்து வண்டிய எடுத்துட்டு இருந்தேன். தரணீஷ் ஓடி வந்தான். மூச்சு வாங்குது அவனுக்கு. மன்னிச்சிருங்க சார்னான். உண்மையச் சொன்னா ரெண்டு பேருமே வெளியதான் சார், எனக்குப் போன மாசந்தான் பொண்ணு பொறந்திருக்குதுன்னான். நான் வாழ்த்துக் கூடச் சொல்லல, அது மட்டும் தப்புத்தான். அப்பறம் சொன்னான்.

"சார், எங்களுக்கு ரெண்டு ஃப்ரெஷர் வேணும். உங்ககிட்டப் படிச்சவங்கன்னா நம்பி எடுப்பேன். நல்ல பசங்களா அனுப்பி வையுங்க. டாக்டர் வீடு மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க."

அவன் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கோணும். விடலீங்க. சரிப்பான்னுட்டு வந்தேன். வந்து ரெண்டு பசங்களத் தயார் பண்ணி அனுப்பிச்சேன். வேற என்ன பண்றது, அவங்க மேல என்ன தப்பு? டாக்டர் வீட்ட வலது எடதாப் பொரட்டி, மாடிய எடுத்துப்போட்டு, வெறும் கீழ்த்தளமா வெச்சு, வக்கீல் வீடுன்னு பேரு போட்டுக் குடுத்தேன். மாடியே இல்ல, படிக்கட்டுப் பத்தி யாரு கேப்பாங்க? ரெண்டு பேருக்கும் கிடைச்சுருச்சு. போர்டுல கடைசி வரிசையில இருக்கறாங்க பாருங்க, சிரிச்சுட்டு இருக்கற ரெண்டு பேரு. பாத்தீங்களா, நான் சொல்லிக்குடுத்தா வேலை கிடைக்கும்ங்கறது பொய்யே இல்லீங்க. எனக்குத்தான் கிடைக்காது.

இப்ப நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். பாப்பாவ வீடியோவுலயே படிக்க வெச்சரலாம், பொள்ளாச்சியில இருந்து தெனமும் வந்துட்டுப் போறதுக்கு அது சுலபம்னு நெனைக்கறீங்க. வேண்டாமுங்கண்ணா. வீடியோவுல அந்த பீம் அப்பிடியே குறுக்கதான் இருக்குது. மாத்தலாம் மேடம்னேன், அதுக்கு மறுபடியும் கேமராக்காரரக் கூப்பிடோணும், இப்ப முடியாதுன்னுட்டாங்க. இந்நேரம் உள்ள பாப்பா பாத்துட்டு இருக்கறதும் அந்த பீம்தான். நேர்ல சேந்துச்சுன்னா நான் பக்கத்துல உக்காந்து, இங்க போடாத கண்ணு, ஓரமாப் போடுன்னு சொல்லிருவேன். அந்த வித்தியாசம் ஒண்ணுக்காகவாவது நேர்ல சேத்துங்க. கால்ல விழச் சொன்னாலும் விழறேன். பாப்பா சேந்தா, விசாரிச்சுட்டுப் போன ரெண்டு புள்ளைங்களும் சேந்துரும். பேட்ச் ஓடும். பேட்ச் ஓடுனா நான் இன்னும் கொஞ்ச நாளைக்கு இங்க இருப்பேன். இங்க இருக்கறதும் ஒரு இருப்பான்னு கேட்டீங்கன்னா, இதுவும் இல்லீன்னா காங்கேயம் போயி எங்கம்மா மூஞ்சியில எப்பிடி முழிக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க.

பாப்பா வெளிய வருது. இருங்க, மூஞ்சியத் தொடச்சுக்கறேன். அது முன்னால இதெல்லாம் பேச வேண்டாம்.

வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லீர்றனுங்கண்ணா. உங்க பாப்பா கெட்டிக்காரி. வந்த உடனே எங்கிட்டக் கேட்ட கேள்வியிலயே தெரிஞ்சு போச்சு. எங்கயாச்சும் ஒரு நல்ல ஆபீஸ்ல போயி உக்காந்துரும். அன்னைக்கு ஒரு நாள் நானும் ஃபைலத் தூக்கிட்டு அங்க வந்து நிப்பேன். வராம எங்க போகப் போறேன்? வேலை குடுக்கச் சொல்லல. சிபாரிசு பண்ணவும் சொல்லல. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டு, இவர எனக்குத் தெரியுமுங்கன்னு மட்டும் பாப்பாவச் சொல்லச் சொல்லுங்க.